டாக்ஸியை நிறுத்த வராத குரல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓடும் மினிபஸ் டாக்ஸியில் இறங்க மணி அடிக்கும் வழக்கமில்லை. நம் இடம் வந்தால் நாமேதான் குரல் கொடுக்க வேண்டும்: "ஆஃப்டர் ரோபோ!" போக்குவரத்து சிக்னலுக்கு இந்த நாட்டில் ரோபோ என்றுதான் பெயர். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் பல மாதங்களாக அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லவே இல்லை. வேறு யாராவது கத்தி வண்டி நிற்கும்போது கூடவே இறங்கி, வந்த வழியே திரும்பி நடப்பாள்.

வீட்டில் கேட்டால் "கூச்ச சுபாவம்" என்பார்கள். நம்மவர்களிடம் பெண்பிள்ளை வாய் திறக்காமல் இருந்தால் அதற்குப் பாராட்டு வேறு கிடைக்கும். அதனாலேயே இது யார் கண்ணிலும் படாமல் வருஷக்கணக்கில் போய்விடுகிறது. கூச்சம் உள்ளவர் புது இடத்தில் கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்பார், அப்புறம் கலந்துவிடுவார். மற்றவர்கள் நம்மை எடைபோடுகிறார்கள் என்ற பயம் ஆறு மாதம், அதற்கு மேலும் நீடித்து, படிப்பையோ வேலையையோ உறவுகளையோ முடக்கினால் அது சமூகப் பதற்றக் கோளாறு. பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கும்.

உள்ளே என்ன நடக்கிறது? மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி, பாம்பைக் கண்டால் எழுப்புகிற அதே எச்சரிக்கையை மனித முகங்களைக் கண்டும் எழுப்புகிறது. அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. இதுவரை எல்லோருக்கும் நேர்வதுதான். சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது: கவனம் முழுக்க உள்பக்கம் திரும்பிவிடுகிறது.

துக்க வீட்டின் பதினாறாம் நாள் பிரேயரில் அந்தப் பெண் டீ குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். நடுக்கம் தெரியக்கூடாதென்று கோப்பையை இறுக்கிப் பிடிப்பாள். இறுக்க இறுக்கக் கை இன்னும் ஆடும். எதிரே அத்தை கேட்ட கேள்வி காதில் ஏறாது. பதில் தடுமாறும். ராத்திரி படுத்ததும் அந்த ஒரு நிமிஷம் மட்டும் திரும்பத் திரும்ப மனதில் ஓடும். அடுத்த பிரேயருக்குத் தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிடுவாள். அப்போது கிடைக்கும் நிம்மதி இருக்கிறதே, அதுதான் நோய்க்குத் தீனி. 'போகாததால் தப்பித்தோம்' என்று மூளை கற்றுக்கொள்கிறது. போனாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று கற்கும் வாய்ப்பு அதற்குக் கிடைப்பதே இல்லை.

சரி, மற்றவர்கள் உண்மையில் எவ்வளவு கவனிக்கிறார்கள்? 2000-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், போடக் கூசும் டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் பார்த்திருப்பார்கள் என்று மாணவர்கள் நினைத்தார்கள். பார்த்தது கால்வாசிப் பேர்தான். பதற்றக் கோளாறு என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை, சாதாரண மாணவர்கள்!

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், பயப்படும் காரியங்களை எளியதிலிருந்து கடினமானதுவரை படிப்படியாகச் செய்யப் பழக்குவார்கள். பேசுவதை வீடியோ எடுத்துப் போட்டும் காட்டுவார்கள். நினைத்த அளவுக்கு முகம் சிவக்கவில்லை என்பது பலருக்கு அங்கேதான் தெரிகிறது. செர்ட்ரலின் போன்ற மருந்துகளும் உதவும், ஆனால் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். கல்யாண வீட்டில் தைரியத்துக்கு இரண்டு பெக் போடுவதை மட்டும் மருந்தாக எண்ண வேண்டாம். அது இன்னொரு வகையில் தப்பித்து ஓடுவது, பழக்கமும் ஆகிவிடும்.

தென்னாப்பிரிக்காவில் அரசு கிளினிக்கிலேயே தொடங்கலாம். அங்கிருந்து உளவியலாளரிடம் அனுப்புவார்கள். முகம் பார்த்துப் பேசக் கூசுகிறவர்களுக்குத் தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழு (SADAG) என்ற அமைப்பு தொலைபேசியில் ஆலோசனை சொல்கிறது. ஃபோனில் பேசுவதே பயம் என்றால், தொந்தரவுகளை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் நீட்டினால் போதும். அவளும் அப்படித்தான் ஆரம்பித்தாள்.

சிகிச்சையின் நான்காவது மாதம் அவளுக்குக் கொடுத்த வீட்டுப்பாடம் டாக்ஸி. குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, கத்த வேண்டும், எத்தனை தலை திரும்புகிறது என்று எண்ணிக்கொண்டு வர வேண்டும். கத்தினாள். பக்கத்தில் இருந்த பாட்டி இறங்க வழிவிட்டு மடியிலிருந்த பையை நகர்த்தினார். எண்ணிக்கை ஒன்று.