மரிஜுவானா: ஒரே இலைக்கு இரண்டு பெயர்

ஏற்காட்டில் ஏரிக்கரைக் கடை ஒன்றில் அக்கா மகன் ஒரு பனியன் வாங்கினான். நெஞ்சில் ஏழு விரல் விரித்த பச்சை இலை. வீட்டில் அதைப் பார்த்த என் அம்மா, "ஏஞ்சாமி, குச்சிக்கிழங்கு எலையவா பனியன்ல போட்டிருக்காங்க?" என்று கேட்டார். சேலத்து மரவள்ளிக் கிழங்குக் காடுகளையும் ஜவ்வரிசி ஆலைகளையும் பார்த்தே வாழ்ந்தவர். அவர் கண்ணுக்கு அந்த இலை அப்படித்தான் தெரியும். "இல்ல அம்மாயி, இது மரிஜுவானா" என்றான். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். அவன் "கஞ்சா" என்று சொல்லியிருந்தால் அந்தப் பனியன் அன்றைக்கே கரித்துணி ஆகியிருக்கும். இரண்டும் ஒரே செடி.

மரிஜுவானா மெக்சிகோ நாட்டு ஸ்பானியச் சொல். அங்கே அதை மரிஹுவானா என்கிறார்கள். 'ஜு' நாம் எழுத்தைப் பார்த்து வைத்துக்கொண்ட ஒலி. மரியா, ஹுவானா என்ற இரண்டு பெண்பெயர்கள் சேர்ந்தது என்பது செவிவழிக் கதை. அமெரிக்க மருத்துவர்கள் இதே செடியைக் கன்னாபிஸ் என்ற கிரேக்கப் பெயரில்தான் அறிந்திருந்தார்கள். 1850 முதல் 1942 வரை அந்நாட்டு அதிகாரப்பூர்வ மருந்து நூலில் அது இருந்தது. 1930களில் போதைத் தடுப்புத் துறைத் தலைவர் ஹாரி ஆன்ஸ்லிங்கர் மெக்சிகோப் பெயரையே பிடித்துக்கொண்டு பிரசாரம் செய்தார். எல்லை தாண்டி வந்தவர்கள் மீது இருந்த வெறுப்பும் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. புதுப் பெயரில் சட்டம் எழுதினால் அது தாங்கள் எழுதிக்கொடுக்கும் மருந்துதான் என்று மருத்துவர்களுக்கே தெரியாமல் போகும் என மருத்துவர் சங்கத்தின் சார்பில் வில்லியம் உட்வர்ட் வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை. மரிஹுவானா வரிச்சட்டம் 1937 அக்டோபர் 1 அன்று அமலுக்கு வந்தது.

அதே 1937 அக்டோபர் 1ஆம் தேதிதான் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அந்தச் சட்டமும் மதுவோடு போதைப்பொருள்களைச் சேர்த்தே தடுத்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சட்டங்கள்தான். ஆனாலும் இந்தத் தேதியைச் சேலத்துக்காரனாக என்னால் கடந்துபோக முடியவில்லை.

கஞ்சா வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்த சொல். ஆங்கிலமும் அதை இந்தியாவிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. சித்த மருத்துவத்தில் இதற்குக் கோரக்கர் மூலி என்று பெயர். பேச்சுவழக்கில் இன்னொரு பொருளும் சேர்ந்திருக்கிறது. "கஞ்சா கேஸ் போட்டுருவாங்க" என்று ஒருவர் சொன்னால் அங்கே செடியே இருக்காது. வேண்டாதவர் மீது சுமத்தும் பொய்வழக்கு என்றுதான் அர்த்தம். மரிஜுவானா என்ற சொல்லுக்கு இந்தப் பயம் கிடையாது.

கட்சி அரசியலிலும் இந்தப் பிளவைப் பார்க்கலாம். அமெரிக்காவில் சட்டப்படி அனுமதிக்கலாம் என்றவர்கள் 1969இல் 12 சதவீதம், 2023இல் 70 சதவீதம் என்கிறது கேலப் கருத்துக்கணிப்பு. 2023இல் ஜனநாயகக் கட்சியினரில் 87, குடியரசுக் கட்சியினரில் 55. நம் நாடாளுமன்றத்தில் கட்சிக்கோடு இவ்வளவு தெளிவாக இல்லை: பிஜு ஜனதா தளத்தின் ததாகத சத்பதி, ஆம் ஆத்மி சார்பில் வென்ற தரம்வீர் காந்தி, காங்கிரஸின் சசி தரூர் ஆகியோர் தடையைத் தளர்த்தச் சொன்னார்கள், பாஜகவின் மேனகா காந்தி மருத்துவப் பயன்பாட்டுக்காவது அனுமதிக்கலாம் என்றார். தமிழ்நாட்டில் பெரிய கட்சிகளின் பேச்சே வேறு. ஆட்சியில் இருப்பவர்களுக்கு அது 'கஞ்சா வேட்டை'. எதிர்வரிசையில் இருப்பவர்களுக்கு 'கஞ்சா புழக்கம்'. நாற்காலி மாறினால் சொல்லும் இடம் மாறிக்கொள்கிறது.

இதனால்தான் மொழிபெயர்ப்பில் கவனம் வேண்டும் என்கிறேன். அமெரிக்கச் செய்தியில் மரிஜுவானா, ஏற்காடு அடிவாரத்தில் பிடிபட்ட செய்தியில் கஞ்சா என்று எழுதினால், அங்கே அது கொள்கை, இங்கே அது குற்றம் என்று படிப்பவர் மனம் தானாகப் பிரித்துக்கொள்கிறது. இரண்டு இடத்திலும் கஞ்சா என்றே எழுதலாம். நம்மிடம் சொல் இருக்கும்போது அதற்கு அயல்பெயர் எதற்கு? சட்டமொழியில் மட்டும் ஒரு நுணுக்கம்: 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்றால் பூவும் காயும் கொண்ட நுனிப்பகுதி, நுனி சேராத தனி இலையோ விதையோ அந்தச் சொல்லுக்குள் வராது. அதற்காக இலையை வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாநில மதுவிலக்குச் சட்டம் தனியாக இருக்கிறது.

அப்புறம் 'ஹெம்ப்', அதாவது நாருக்காக வளர்க்கும் கஞ்சாச் செடி. அகராதிகள் இதைச் சணல் என்று முடித்துவிடுகின்றன. நமக்குச் சணல் என்றால் சாக்கு. உத்தராகண்டில் நாருக்காகக் கஞ்சா பயிரிட அனுமதி கொடுத்ததைச் 'சணல் சாகுபடி' என்று தமிழில் போட்டால், பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு விதைத்து, மஞ்சள் பூ எடுத்ததும் மடக்கி உழுகிற ஆத்தூர்ப் பக்கத்து விவசாயி, அதற்கு எதுக்கு அரசாங்க அனுமதி என்றுதான் கேட்பார். நான் நார்க்கஞ்சா என்று எழுதி வருகிறேன்.