நாலடி சிமெண்ட், ஆறடி ஓதம்

"தம்பி, முந்தி முழங்கால் உசரத்துக்குத்தான் ஓதம் இருந்துச்சு. சிமெண்ட் பூசுனதுக்கப்புறம் என் தலைக்கு மேல போயிருச்சு" என்றார் ஆச்சி. காரைக்குடிப் பக்கத்துக் கிராமம், நூறு வருஷத்தைத் தாண்டிய வீடு. டேப்பைப் பிடித்துப் பார்த்தேன். பின்கட்டுச் சுவரில் தரையிலிருந்து நாலடிக்கு சிமெண்ட் பூச்சு, அதன் மேல் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட். ஈரக்கறை ஆறடிக்கு நின்றது.

ஆச்சிக்கு வேலை செய்தவர் மேல் கோபம். அவரும் நல்ல சிமெண்ட்தான் போட்டிருந்தார். சிக்கலே அதுதான்.

பழைய வீடுகளில் மண்ணின் ஈரத்தை அடியிலேயே நிறுத்தும் தடுப்பு பெரும்பாலும் இருக்காது. செங்கல் வழியே ஈரம் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை ஆவியாக வெளியே விடும். ஏறுவதும் காய்வதும் சரிக்குச் சரியாகிற உயரத்தில் கறை நின்றுவிடும். நாலடிக்கு அடைத்துவிட்டால், ஈரம் திறந்த இடம் தேடி மேலே போகாமல் என்ன செய்யும்?

சுத்தியலால் லேசாகத் தட்டினேன். பொள்ளல் சத்தம். நெம்பியதும் பூச்சு முறம் அகலத்துக்குப் பாளமாக வந்தது, கல் மாதிரி கெட்டி. அதன் பின்னாலிருந்த செங்கல்லோ விரலால் சுரண்டினாலே மாவாக உதிர்ந்தது, மேலெல்லாம் வெள்ளை உப்பு. ஈரம் காயும்போது அதில் கரைந்திருந்த உப்பு செங்கல்லின் நுண்துளைகளுக்குள் படிகமாகி, வளர இடமில்லாமல் துளையையே உடைக்கும். சுவரை விட மெத்தென்ற சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அடி அதற்கு விழும், உதிர்ந்த இடத்தில் மறுபடி பூசிக்கொள்ளலாம். பூச்சு கெட்டியாக இருந்தால் உதிர்வது சுவர்.

சிமெண்டை முழுக்க எடுத்தோம். உப்பைக் கழுவவில்லை, கழுவினால் கரைந்து உள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளிவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரைச் சும்மா விட்டோம்.

"முட்டை போடுவீகளா? கடுக்காய்?" இது எல்லா வீட்டிலும் வருகிற கேள்வி. செட்டிநாட்டுக் கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவுக்கு இடமுண்டு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீருக்கும் உண்டு. ஆனால் முட்டையைப் பற்றிக் கேட்பவர்களில் முற்றத்துத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. அந்த வீட்டில் முற்றத்து வடிகால் தூம்பு அடைத்து, தண்ணீர் அந்தச் சுவரின் காலடியில்தான் தேங்கிக் கிடந்தது. முதல் செலவு தூம்புக்கு.

அப்புறம்தான் சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி சூட்டில் சுட்டால் அதிலிருக்கும் கரியமில வாயு வெளியேறும். நீற்றிப் பூசிய பிறகு காற்றிலிருந்து அதே வாயுவை எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகும். இது மேலிருந்து உள்ளே மெதுவாக நடக்கிற காரியம். மாதங்கள் கழித்து ஒரு சில்லை உடைத்து ஃபினால்ஃப்தலீன் என்ற சோதனைத் திரவத்தில் ஒரு சொட்டு விட்டால், நடுவில் இன்னும் இளஞ்சிவப்பு ஏறும்; அங்கே சுண்ணாம்பு இன்னும் மாறவில்லை என்று அர்த்தம். அதனால்தான் மெல்லிசாக, ஒரு பூச்சு இறுகக் காத்திருந்து அடுத்தது. கூலிக் கணக்கில் சண்டை வருவதும் இங்கேதான். ஒரே நாளில் முக்கால் இஞ்ச் அப்பிவிட்டுப் போகிறேன் என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் பழைய வீட்டிலும் சிமெண்ட் பூச்சுக்கு மேலே ஈரக்கோடு தெரிந்தால் பெயிண்ட் வாங்க ஓட வேண்டாம். அடுத்த மழையில் குடையோடு வீட்டை ஒரு சுற்று வாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடலாம்.