நினைவூட்டும் மணி மட்டும் போதாது

இரத்த அழுத்தத்துக்காக என்னிடம் சிகிச்சை பெறும் ஓர் அம்மையாரின் கைபேசியில், மாத்திரை நேரத்தை மணியடித்து நினைவூட்டும் செயலியில், அந்த மாதத்தின் எல்லா மாத்திரைகளும் எடுத்துக்கொள்ளப்பட்டதாகப் பச்சைக் குறிகள் வரிசையாக இருந்தன. அழுத்தமோ 170-க்குக் கீழே இறங்கவில்லை. மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன், மணி அடித்தவுடன் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சத்தம் நிற்கட்டும் என்று பொத்தானை அழுத்திவிட்டு, மாத்திரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என இருந்துவிடுவதாகச் சொன்னார்.

நாட்பட்ட நோய்களுக்கான மருந்தை வளர்ந்த நாடுகளிலேயே ஏறத்தாழ 50 விழுக்காட்டினர்தாம் முறையாக எடுத்துக்கொள்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் குறிப்பிட்டது. இதற்கு மறதி ஒரு காரணம் மட்டுமே. பக்கவிளைவு, செலவு, 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்ற நினைப்பு ஆகியவற்றை எந்த மணியோசையும் தீர்ப்பதில்லை.

கென்யாவில் எச்.ஐ.வி. சிகிச்சையைத் தொடங்கியவர்களிடையே நடத்தப்பட்டு, 2010-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. அதில் வாரம் ஒருமுறை, நலமா என்று கேட்கும் குறுஞ்செய்தி மட்டுமே அனுப்பப்பட்டது. சிக்கல் இருப்பதாகச் சொன்னவர்களையும் இரண்டு நாளில் பதில் அனுப்பாதவர்களையும் மருத்துவப் பணியாளர் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். மருந்தை ஒழுங்காக எடுத்ததாகக் கூறியவர்கள் அக்குழுவில் 62 விழுக்காடு, வழக்கமான சிகிச்சைக் குழுவில் 50 விழுக்காடு. பிறர் கண்ணில் படக்கூடிய கைபேசியில் நோயின் பெயரோ மருந்தின் பெயரோ வராமல் பார்த்துக்கொண்ட அந்தக் கவனம், நாம் எல்லோரும் பின்பற்ற வேண்டியது.

செய்திக்கு மறுமுனையில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது, வீட்டில் அழுத்தம் பார்த்து அனுப்புவோருக்கும் பொருந்தும். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, முதுகைச் சாய்த்து, கையை இதயத்தின் உயரத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து ஒருவர் அக்கறையுடன் அனுப்பும் எண்களை மறுமுனையில் எவரும் பார்ப்பதில்லை என்றால், சில வாரங்களிலேயே அவர் நிறுத்திவிடுவார். அதே சமயம், நெஞ்சுவலியோ ஒரு பக்கக் கை கால் தளர்ச்சியோ ஏற்பட்டால் செய்திக்குப் பதில் வரும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

அந்த அம்மையாரின் கைபேசியில் மணியை நிறுத்திவிட்டு, மாத்திரை அட்டையைப் பல் துலக்கும் இடத்தருகே வைக்கச் சொன்னோம். வாரந்தோறும் எங்கள் செவிலியர் நலம் விசாரித்துச் செய்தி அனுப்பினார். மூன்றாவது வாரம் வந்த பதில்: "மாத்திரை போட்டால் கணுக்கால் வீங்குகிறது. டாக்டரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தது." அவர் எடுத்துவந்தது அம்லோடிபின், கணுக்கால் வீக்கம் அதன் அறியப்பட்ட பக்கவிளைவு. மறுநாளே வரவழைத்து மருந்தை மாற்றினோம்.