மறுப்பு வேறு, மனமேற்காமை வேறு

பயங்கரவாதத்தால் அடிபட்ட சமூகங்களைப் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் 'அந்தச் சமூகம் மறுப்பில் வாழ்கிறது' என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அண்மையில் பாகிஸ்தான் ஊடகங்களைப் பற்றிய ஒரு கட்டுரையின் ஒரே பக்கத்தில் நான்கு இடங்களில் இதைப் படித்த பிறகு, இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. ஆங்கிலத்தின் 'டினையல்' என்ற சொல்லுக்கு அகராதியில் முதலில் நிற்பது 'மறுப்பு'. அதை எடுத்துக்கொண்டு, வேற்றுமை உருபையும் ஆங்கிலத்தைப் பார்த்தே ஒட்டிவிடுகிறார்கள். தமிழில் ஒருவர் வறுமையில் வாழலாம், அச்சத்தில் வாழலாம். மறுப்பில் வாழ முடியாது, ஏனென்றால் நம் மொழியில் மறுப்பு ஒரு செயலின் பெயர்.

'டினையல்' என்பது 'இல்லை எனல்' என்று பொருள்படும் 'நெகாரே' என்ற இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வாயால் இல்லை என்று சொல்வதே அதன் பழைய பொருள். ஜெர்மன் மொழியில் எழுதிய உளப்பகுப்பாய்வாளர் பிராய்டு, சொல்லளவிலான எதிர்மறைக்கு 'ஃபெர்நைனுங்' என்றும், கண்ணெதிரே உள்ளதை உள்ளம் விலக்கிவிடுவதற்கு 'ஃபெர்லாய்க்னுங்' என்றும் இரு சொற்களை ஆண்டார். 1936-இல் அவர் மகள் அன்னா பிராய்டு மனத்தின் தற்காப்பு முறைகளை விளக்கியதும், 1969-இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் சாவை எதிர்கொள்வோரின் முதல் கட்டமாக இதைக் குறித்ததும் உளவியல் பொருளைப் பொது வழக்குக்குக் கொண்டுவந்தன. ஆங்கிலம் இரண்டு பொருளையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துக்கொண்டதால் நாமும் அப்படியே அடைக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

இரண்டையும் ஏன் பிரிக்க வேண்டும் என்பதற்கு 2008 நவம்பர் 26-இல் தொடங்கிய மும்பைத் தாக்குதலுக்குப் பின் பாகிஸ்தானில் நடந்தவையே போதும். தாக்கிய பத்துப் பேரில் உயிரோடு பிடிபட்ட அஜ்மல் கசாப் பாகிஸ்தானியர் என்பதற்குச் சான்று எதுவும் தரப்படவில்லை என்று அதிபர் ஆசிப் அலி சர்தாரி டிசம்பர் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றில் கூறினார். இது மறுப்பு, ஓர் அரசு பிறரை நோக்கி வெளியிடும் கூற்று. அதே நாட்களில் பஞ்சாப் மாகாணத்தின் ஒகாரா மாவட்டத்தில் கசாபின் ஊர் எனப்பட்ட பரீத்கோட்டைச் செய்தியாளர்கள் தேடிச் சென்றார்கள். லண்டன் 'அப்சர்வர்' இதழ் வாக்காளர் பட்டியலில் கசாபின் பெற்றோர் பெயர்களைக் கண்டெடுத்தது. பாகிஸ்தானின் சொந்த நாளிதழான 'டான்', அந்தத் தந்தையை அவர் வீட்டு முற்றத்திலேயே சந்தித்து டிசம்பர் 12 அன்று அவர் சொன்னதை வெளியிட்டது. 'ஜியோ' தொலைக்காட்சியும் அந்த ஊரைக் காட்டியது. கசாப் பாகிஸ்தானியரே என்று அரசு ஒப்புக்கொண்டது 2009 ஜனவரி 7-இல். அதைச் செய்தியாளர்களிடம் உறுதிசெய்த தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மகமூது அலி துரானி அன்றே பதவி நீக்கப்பட்டார்.

'டான்' செய்தியில் அந்தத் தந்தை சொன்னதுதான் என் வாதத்துக்கு அச்சாணி. முதல் இரண்டொரு நாள் தாம் 'டினையலில்' இருந்ததாகவும், அது தம் மகனாக இருக்க முடியாது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டதாகவும், இப்போது ஏற்றுக்கொண்டுவிட்டதாகவும் அவர் சொன்னதாக ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. இந்த மனிதர் எதையும் மறுக்கவில்லை. அவர் யாருக்கும் அறிக்கை தரவில்லை. அவர் பேசியது தம்மோடு. சர்தாரி சொன்னதற்கும் இந்தத் தந்தை பட்டதற்கும் 'மறுப்பு' என்ற ஒரே சொல்லைப் போடும் மொழிபெயர்ப்பு, ஓர் அரசின் உத்தியையும் ஒரு தகப்பனின் தவிப்பையும் ஒன்றாக்கிவிடுகிறது.

இந்தக் குறையை உணர்ந்த சிலர் 'மறுதலிப்பு' என்ற சொல்லை முன்வைக்கிறார்கள். மறுப்பு அரசு அறிக்கைகளில் தேய்ந்துவிட்டது, மறுதலிப்பு ஆழமானது, வினையாகவும் பெயராகவும் எளிதில் வரும் என்பது அவர்கள் வாதம். ஆழமானது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் அந்த ஆழம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். தமிழ் விவிலியத்தில் சேவல் கூவுமுன் பேதுரு மூன்று தரம் இயேசுவை மறுதலித்தார். அவருக்கு இயேசுவை நன்றாகத் தெரியும். தெரிந்தே, உயிருக்கு அஞ்சி, அறியேன் என்றார். சேவல் கூவியதும் மனங்கசந்து அழுதார். தெரியாமல் இருந்திருந்தால் அழுகை ஏது? ஆகவே தமிழர் நாவில் மறுதலித்தல் என்பது, தன்னுடையது என்று அறிந்ததையே தன்னுடையது இல்லை எனக் கைவிடுவது. மறுதலை என்ற அடிச்சொல்லும் எதிரானதையே குறிக்கிறது. மும்பையை எடுத்துக்கொண்டால், பத்து இளைஞர்களைப் பயிற்றுவித்துக் கடல்வழியே அனுப்பிவிட்டு எங்களுக்குத் தொடர்பே இல்லை என்ற பாகிஸ்தானியப் பயங்கரவாத அமைப்பு லஷ்கர்-இ-தொய்பா செய்தது மறுதலிப்பு. அந்தச் சொல்லை அங்கே வைத்தால் கத்திபோல் வெட்டும். தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்து, 'நம் பையன்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள்' என்று நம்பிக்கொண்டிருந்த பொதுமக்கள் மீது அதைச் சுமத்தினால், அறியாதவரை வஞ்சகர் ஆக்குகிறோம்.

பழமொழியில் இந்த வேறுபாடு தெளிவாகவே இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனுக்குப் பூசணிக்காய் இருப்பது தெரியும். கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டது என்று நினைக்கும் பூனைக்கு இருள் உண்மையாகவே இருளாகத்தான் இருக்கிறது. எழுத்தறியாப் பாட்டிகளும் குழப்பிக்கொள்ளாத இரண்டைப் பத்திரிகைத் தமிழ் குழப்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இலக்கண நூலான நன்னூல் எழுவகை மதங்களை, அதாவது நூலாசிரியர் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் ஏழு நிலைகளை, வகுக்கும்போது உடன்படலை அடுத்து மறுத்தலை வைக்கிறது. பிறர் கொள்கையைக் கேட்டு, எடைபோட்டு, ஏலாது என்று எதிருரைப்பதற்கு அங்கே அந்தப் பெயர். இவ்வளவு நேர்மையான ஒரு சொல்லை உளநோய்க் குறியாக்கிவிட்டால், உண்மையான மறுப்புக்கு எதை வைத்துக்கொள்வோம்? 2014 டிசம்பர் 16-இல் பெஷாவர் ராணுவப் பள்ளியில் 140-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பிள்ளைகள், கொல்லப்பட்டபின், இஸ்லாமாபாத் லால் மசூதியின் மௌலானா அப்துல் அஜீஸ் அதைக் கண்டிக்க மறுத்தார். பொதுமக்கள் மசூதிக்கு வெளியே திரண்டு எதிர்ப்புக் காட்டினார்கள். 'மறுத்தார்' என்பது அங்கே துல்லியமாகப் பொருந்துகிறது.

சரி, உளவியல் பொருளுக்கு எந்தச் சொல்? 'ஒப்பாமை' என்றால் ஒத்திராமை என்ற பொருளும் குறுக்கே வரும். 'ஏலாமை' அழகான சொல்தான். ஆனால் அது இயலாமையைக் குறிக்கும், யாழ்ப்பாணத்தில் 'ஏலாது' என்றாலே முடியாது என்று பொருள். வெறும் 'ஏற்காமை' கருத்து வேறுபாட்டையும் உள்ளடக்கும். இழவு வீட்டில் நாம் என்ன சொல்கிறோம் என்று கேட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடுகிறது. 'இன்னும் மனசு ஏத்துக்க மாட்டேங்குது' என்கிறோம். அதிலிருந்து 'மனமேற்காமை'. தனி ஒருவருக்கும் ஒரு சமூகத்துக்கும் அது பொருந்தும். நீளம் என்று குறை சொல்வோர் 'மனம் ஏற்கவில்லை' என்று வினையாகவே எழுதட்டும். எல்லாவற்றையும் பெயர்ச்சொல்லாக்கித்தான் தீர வேண்டும் என்ற பழக்கமும் மொழிபெயர்ப்பாளர்களிடமிருந்து நமக்கு ஒட்டிக்கொண்டதே.

இந்தப் பிரிவினை ஊடகத் துணிவைப் பேசும்போது இன்னும் தேவைப்படுகிறது. அரசின் மறுப்பை உடைக்க வாக்காளர் பட்டியல் போதும். மக்களின் மனமேற்காமைக்கு எதிரே நிற்கும் செய்தியாளர் தம் சொந்த வாசகரின் சினத்தை, துரோகி என்ற பட்டத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. 2012-இல் பெண்கல்விக்காகக் குரல்கொடுத்த சிறுமி மலாலா சுடப்பட்டபோது, அந்தக் குண்டே நாடகம் என்று நம்பியவர்கள் அவர் நாட்டிலேயே இருந்தார்கள். அவர் சுடப்பட்டதைச் செய்தியாக்கிய ஊடகங்களைத் தாலிபான் மிரட்டியது. 2018 மே மாதம், மும்பைத் தாக்குதலைப் பற்றி முன்னாள் பிரதமர் நவாஸ் ஷெரீப் அளித்த பேட்டியை வெளியிட்டதற்காக 'டான்' இதழின் விநியோகம் பல இடங்களில் தடுக்கப்பட்டது. பேட்டி எடுத்த சிரில் அல்மைதா தேசத்துரோக வழக்கைச் சந்தித்தார். பரீத்கோட்டுக்குச் சென்று ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கழித்தும் அந்த நாளிதழ் அதே உண்மைக்காக அடிவாங்கியது. துணிவு என்ற நம் சொல்லுக்கு ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வருதல் என்ற பொருளும் உண்டு. இருவரின் மாறுபட்ட கொள்கைகளில் ஒன்றைத் தேர்ந்து உறுதிசெய்வதைக் குறிக்கும் நன்னூலின் 'இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு' அதைத்தான் சொல்கிறது. வீரம், துணிச்சல் என்பவற்றைவிட இந்தச் செய்தியாளர்களுக்கு அதுவே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

அந்தத் தந்தையின் கூற்றை 'நான் மறுப்பில் இருந்தேன்' என்று பெயர்த்தால் தமிழ் வாசகர் அவரைப் பொய்யர் என்றே எடுத்துக்கொள்வார். அதை இப்படி எழுதலாம்: 'முதல் இரண்டொரு நாள் என் மனம் ஏற்கவில்லை, அவன் என் மகனாக இருக்க முடியாது என்று சொல்லிக்கொண்டேன். இப்போது ஏற்றுக்கொண்டேன்.'