வெயில் நாளில் வெந்த எஃகு

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர் ஒருவர் வித்தியாசமான கேள்வி ஒன்றை அனுப்பியிருக்கிறார். குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் ஆர்வம் உள்ளவர். போர்க்காலத்து ரைஃபிள் ஒன்று வாங்க நினைக்கிறார். ராணுவம் கழித்துவிட்ட அசல் சர்ப்ளஸ் துப்பாக்கியை வாங்குவதா, அதே வடிவத்தில் இப்போது புதிதாகச் செய்து விற்பதை வாங்குவதா என்று குழப்பம். “அந்தக் காலத்து இரும்பு மாதிரி வராது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது உண்மையா?” என்பதுதான் கேள்வி.

சேகரிப்பு மதிப்பு, வரலாற்று ஆசை இதெல்லாம் அவர் பாடு. எஃகைப் பற்றிய பகுதிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். எஃகுக்கு வயது முக்கியமில்லை. அது செய்யப்பட்ட அன்று எவ்வளவு சூடானது, எப்படிக் குளிர்ந்தது என்பதுதான் முக்கியம். அந்தச் சூட்டின் வரலாறு உலோகத்துக்குள் அப்படியே பதிந்துவிடுகிறது. வெளியே பளபளவென்று தேய்த்துப் பார்த்தாலும் தெரியாது.

ரைஃபிளில் ரிசீவர் என்று ஒரு பாகம் உண்டு. குழலின் பின்முனை அதில்தான் திருகப்பட்டிருக்கும். போல்ட் அதற்குள் முன்னே ஓடி, தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி, பூட்டிக்கொள்ளும். அமெரிக்க ராணுவம் இரண்டு உலகப் போர்களிலும் பயன்படுத்திய தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் தோட்டா வெடிக்கும்போது உள்ளே உண்டாகும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல 3,000 மடங்குக்கும் மேல். அதை ஓர் இமைப்பொழுதுக்குத் தாங்கிக்கொள்வது ரிசீவரும் போல்ட்டும்தான். சுடுபவரின் கண்ணும் அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கும். குழல் தேய்ந்தால் மாற்றலாம், மரக்கட்டை உடைந்தால் மாற்றலாம். ரிசீவரில் கோளாறு என்றால் துப்பாக்கியே போச்சு. ஆக, பழையதா புதியதா என்ற கேள்வியைச் சுருக்கினால் அது ரிசீவர் எப்படிச் செய்யப்பட்டது என்ற கேள்விதான்.

இனி எனக்குப் பிடித்த கதை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் அமெரிக்க அரசின் ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. இல்லினாய் மாநிலத்தின் ராக் ஐலண்டில் இன்னொன்று. எம்1903 என்ற ரைஃபிளை இரண்டு இடங்களிலும் செய்தார்கள். முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய 1917இல், இந்த ரைஃபிள்கள் சில சுடும்போதே வெடித்துச் சிதறின. பாகங்கள் வளைந்திருந்தால் புரிந்துகொள்ளலாம், இவை கண்ணாடித் துண்டுகள் மாதிரி உடைந்திருந்தன. இத்தனைக்கும் தொழிற்சாலையை விட்டு வெளியே போகும் முன் ஒவ்வொரு ரைஃபிளிலும், வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் சோதனைத் தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் தேறியவை.

விசாரித்தபோது தெரிந்தது இது. ரிசீவர் செய்ய, எஃகுக் கட்டியை உலையில் பழுக்கக் காய்ச்சி, பெரிய சம்மட்டி இயந்திரத்தின் அச்சில் வைத்து அடிப்பார்கள். ‘சரியான சூடு’ எது என்பதை அனுபவசாலித் தொழிலாளிகள் எஃகின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்தார்கள். மேகமூட்டமான நாளில் அவர்கள் சரி என்று சொன்ன சூட்டைவிட, நல்ல வெயில் நாளில் சரி என்று சொன்ன சூடு 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை அதிகமாக இருந்திருக்கிறது. செல்சியஸில் கிட்டத்தட்ட 165 டிகிரி. இந்த விவரத்தைப் பதிவு செய்தவர் ஜூலியன் ஹாட்சர் என்ற ராணுவ ஆயுத அதிகாரி.

அத்தனை வருட அனுபவம் உள்ளவர்களின் கண் எப்படி ஏமாந்தது? பள்ளியில் படித்ததுதான்: சூடான பொருள் ஒளிரும், சூடு ஏற ஏறச் சிவப்பிலிருந்து ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று நிறம் நகரும். நிறத்தோடு வெளிச்சமும் ஏறும், அதுவும் மிகச் செங்குத்தாக. 1,100 டிகிரி செல்சியஸில் இருக்கும் எஃகை 1,265 டிகிரிக்குக் கொண்டுபோனால், அது உமிழும் செம்மஞ்சள் ஒளி ஆறு மடங்குக்கு மேல் கூடுகிறது என்று பிளாங்க் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தால் தெரியும். ஆறு மடங்கு என்பது கண்ணில் அடித்தாற்போலத் தெரிய வேண்டாமா?

தெரியாது. நம் கண் வெளிச்சத்தை அளப்பதில்லை, ஒப்பிடுகிறது. பட்டறைச் சன்னல் வழியே வெயில் கொட்டினால் கண்பாப்பா சுருங்கும், விழித்திரையும் தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும். மேகமூட்ட நாளுக்கும் வெயில் நாளுக்கும் இடையே அறை வெளிச்சம் பத்து மடங்கு மாறுவது சாதாரணம். அந்தப் பத்து மடங்குக்கு முன்னால் எஃகின் ஆறு மடங்கு அடிபட்டுப் போகிறது. மேகமூட்டத்தில் தகதகவென்று மஞ்சளாகத் தெரிந்த அதே எஃகு, வெயிலில் மங்கிய ஆரஞ்சாகத் தெரியும். “இன்னும் காயவில்லை” என்று தொழிலாளி மறுபடி உலைக்குள் தள்ளுவார். அவர் மேல் தப்பில்லை. கண் என்ற கருவி அப்படித்தான் வேலை செய்யும்.

சரி, 165 டிகிரி கூடினால் என்ன குடி முழுகிப்போகிறது? எஃகு ஒரே துண்டாகத் தெரிந்தாலும், உள்ளே அது எண்ணற்ற சிறு படிக மணிகளால் ஆனது. செங்கல் சுவரில் செங்கல்லும் சாந்தும் போல, மணிகளும் அவற்றுக்கு இடையே எல்லைகளும். சூடு அதிகமானால் மணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெரிதாகும். பெரிய மணிகள் உள்ள எஃகு முறிவை எதிர்க்கும் திறனை இழக்கும். இது வரைக்கும் பரவாயில்லை, மறுபடி முறையாகச் சூடாக்கிக் குளிரவைத்தால் மணிகளைச் சிறிதாக்கிவிடலாம். இன்னும் சூடு ஏறினால் வேறு கதை. எஃகில் கொஞ்சமாகக் கலந்திருக்கும் கந்தகமும் பாஸ்பரஸும் மணிகளின் எல்லைகளில் ஒதுங்கும். அந்த எல்லைகள் எஃகின் மற்ற பகுதிக்கு முன்பாகவே உருக ஆரம்பிக்கும். வெளியிலிருந்து ஆக்சிஜன் உள்ளே புகுந்து ஆக்சைடு படியும். இதைத்தான் எரிந்த எஃகு என்கிறார்கள். சாந்து கருகிப்போன பிறகு செங்கல் எவ்வளவு உறுதியாக இருந்து என்ன? எந்தப் பதப்படுத்தலும் இதைச் சரிசெய்யாது.

இதற்கு மேல் இன்னொரு பிரச்சினையும் இருந்தது. அந்த ரிசீவர்களின் மேற்பரப்பில் கரியை ஏற்றி, கடினமாக்கி, எண்ணெயில் ஒரே ஒரு தோய்ச்சல் போட்டார்கள். கடினம் என்பது தேய்மானத்துக்கு நல்லது. ஆனால் கடினமும் முறியாத தன்மையும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. சோதனைத் தோட்டாவின் அழுத்தத்தை இந்த எஃகு தாங்கிவிடும். ஏனென்றால் அந்த அழுத்தம் வர வேண்டிய வழியில், பூட்டுக்கு நேராக வருகிறது. தோட்டாவின் பித்தளை உறை பின்பக்கம் கிழிந்து, வாயு திடீரென்று ரிசீவருக்குள் பாயும்போது அது ஓர் அடி. அந்த அடியைத்தான் இது தாங்கவில்லை. போர் அவசரத்தில் செய்த தோட்டாக்களில் பித்தளையின் தரமும் மோசமாக இருந்ததால் உறைகள் கிழிந்தன, இந்த ரிசீவர்களின் குட்டும் வெளிப்பட்டது. இவற்றில் சிலவற்றைச் சுத்தியலால் தட்டியே உடைக்க முடிந்தது.

1918இல் உலைகளுக்குச் சூட்டை அளக்கும் பைரோமீட்டர் வந்தது. இரண்டு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்து அந்த முனையைச் சூடாக்கினால், மறு முனைகளுக்கு இடையே ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கும். 1821இல் சீபெக் கண்ட விளைவு இது. வெயிலா மேகமா என்று அந்தக் கம்பிக்குக் கவலையே இல்லை, அதுதான் இதன் அழகு. தோய்ச்சலும் இரண்டு கட்டமானது. ஸ்பிரிங்ஃபீல்டில் 8,00,000 வரையிலும், ராக் ஐலண்டில் 2,85,507 வரையிலும் தொடர் எண் உள்ள ரைஃபிள்களை இன்றும் ‘குறைந்த எண்’ ரைஃபிள்கள் என்கிறார்கள். அவற்றில் எது வெயில் நாளில் பிறந்தது, எது மேக நாளில் பிறந்தது என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்க ராணுவத்தின் உபரி ரைஃபிள்களை மக்களுக்கு விற்கும் சி.எம்.பி. அமைப்பே, இந்த எண்களில் உள்ளவற்றைச் சுட வேண்டாம் என்கிறது. “எங்கள் தாத்தா ஆயிரம் தோட்டா சுட்டார், ஒன்றும் ஆகவில்லை” என்று யாராவது சொன்னால், அந்த ஆயிரத்தில் ஒரு தோட்டாவும் கிழியவில்லை என்றுதான் பொருள்.

இங்கே ஒரு புலம்பல். லெ ஷாத்தலியே என்ற பிரெஞ்சு வேதியியலாளர், உலைச் சூட்டை அளக்கும் பிளாட்டினக் கம்பி வெப்பமானியை 1880களிலேயே செம்மைப்படுத்திவிட்டார். முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் அது இந்தப் பட்டறைக்குள் நுழைந்தது, அதுவும் ஆட்கள் காயப்பட்ட பிறகு. அளவியல் ஆராய்ச்சிக்கு எந்தக் காலத்திலும் கைதட்டல் கிடையாது. புது ராக்கெட்டுக்குப் பணம் ஒதுக்கும் அரசுகள், ஒரு வெப்பமானியை இன்னும் ஒரு டிகிரி துல்லியமாக்கும் ஆய்வகத்துக்கு ஒதுக்கும்போது கையைப் பிசையும். ராக்கெட் உறுதியாக இருப்பதே அந்த ஒரு டிகிரியால்தான். ‘அந்தக் காலத்து இரும்பு’ என்ற நம்பிக்கையையும் நான் மூடநம்பிக்கைக் கணக்கில்தான் வைப்பேன். அந்தக் காலத்தில் உடைந்த இரும்பெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. நம் கண்ணில் படுவது மிச்சம் பிழைத்தவை மட்டும்.

வாசகர் கேட்பது எம்1903 அல்ல, அதற்கு அடுத்து வந்த எம்1 கேரண்ட் என்று நினைக்கிறேன். 1936இல் ராணுவம் ஏற்றுக்கொண்டது, சுமார் 54 லட்சம் செய்யப்பட்டது. வடிவமைத்த ஜான் கேரண்ட் அதே ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பாடம் கற்றுக்கொண்ட தொழிற்சாலை என்பதால் ரிசீவர்கள் நல்ல எஃகில், அடித்துச் செய்து, சூட்டை அளந்து பதப்படுத்தப்பட்டவை. எஃகைப் பொறுத்தவரை பழைய கேரண்ட் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

புதிதாகச் செய்யப்படுபவற்றில் பல ரிசீவர்கள் வார்ப்பில் வருகின்றன. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் பிறந்த அதே மெழுகு முறைதான். மெழுகில் உருவம் செய்து, பீங்கான் போன்ற ஓடு பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய எஃகை ஊற்றுவார்கள். எஃகு உறையும்போது சுருங்கும். கடைசியாக உறையும் இடத்தில் ஊற்ற எஃகு மிச்சம் இல்லாவிட்டால் உள்ளே நுண்ணிய பொந்துகள் விழும். அடித்துச் செய்ததில் இந்தக் கவலை இல்லை. அதற்காக வார்ப்பு என்றாலே மட்டம் என்று சொல்லிவிட முடியாது. ஊற்றும் வழிகளை ஒழுங்காக வடிவமைத்து, எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்து, கணினி கட்டுப்படுத்தும் உலையில் பதப்படுத்தினால் வார்ப்பு ரிசீவர் தாராளமாகப் போதும். வேட்டைத் துப்பாக்கிகள் எத்தனையோ அப்படித்தான் வருகின்றன. ஒரு வித்தியாசம்: ராணுவத் தயாரிப்பில் ஒவ்வொரு தொகுதியையும் அரசு ஆய்வாளர் அளந்து பார்த்துத்தான் ஏற்றுக்கொண்டார். இன்று எவ்வளவு சோதிப்பது என்பது அந்தந்த நிறுவனத்தின் மனசு. பெயரை வைத்தும் ஏமாறக் கூடாது. அரசின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலை 1968இலேயே மூடப்பட்டுவிட்டது. இன்று அதே பெயரில் இருப்பது ஒரு தனியார் நிறுவனம்.

சில ரைஃபிள்களில் இந்தத் தேர்வே கிடையாது. கேரண்டுக்கு அடுத்து வந்த எம்14 தொடர்ச்சியாகச் சுடக்கூடியது என்பதால் அமெரிக்கச் சட்டப்படி அதன் ரிசீவர் இயந்திரத் துப்பாக்கி. சாதாரண சர்ப்ளஸாகக் கடைக்கு வராது. அந்த வடிவம் வேண்டுமானால் புதிய ரிசீவர்தான்.

பழையதில் பார்க்க வேண்டியது குழல். அக்காலத் தோட்டாக்களின் பற்றவைப்புக் கலவையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்ததும் அது பொட்டாசியம் குளோரைடு ஆகும், சமையல் உப்புக்கு உறவுக்காரன். குழலுக்குள் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து, எஃகைத் துருவேற்றும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் உப்பு கரையாது, தண்ணீர்தான் கரைக்கும். சுட்ட அன்றே தண்ணீர் விட்டுக் கழுவாத சிப்பாய்கள் எத்தனை பேரோ, அத்தனை குழல்களில் குழிகள். குழிகள் மட்டுமல்ல, சூடான வாயு அரிப்பதால் குழலின் ஆரம்பப் பகுதி அகன்றுகொண்டே போகும். சுத்தம் செய்யும் கம்பி உரசி வாய்ப்பகுதியும் தேயும். இரண்டையும் அளக்க மானிகள் உண்டு.

ஆகவே வாசகருக்கு: போட்டிக்குச் சுடத்தான் என்றால் பழைய கேரண்டையே பாருங்கள். விற்பவரிடம் இரண்டு மானி அளவுகளையும் கேளுங்கள். குழல் தேய்ந்திருந்தால் புதுக் குழல் போட்டது கிடைக்கிறதா என்று விசாரியுங்கள், பழைய ரிசீவரும் புதிய குழலும் நல்ல சேர்க்கை. குழல் மாற்றியிருந்தால், தோட்டா உட்காரும் இடைவெளியைத் துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் அளந்த பிறகுதான் சுட வேண்டும். புதியதுதான் வேண்டும் என்றால் ரிசீவர் அடித்ததா வார்த்ததா, வார்த்தது என்றால் எக்ஸ்-ரே எடுத்தார்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு கடை பாருங்கள். யாராவது 8,00,000க்குக் கீழ் எண் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு எம்1903ஐ மலிவாகத் தருகிறேன் என்றால் தாராளமாக வாங்கலாம், சுவரில் மாட்ட.