அயன் பொறியும் அக்காவின் பென்டனும்

போன கிழமை வந்தவரோடு சேர்த்து, கழுத்தில் தொங்கவிடும் பென்டனைக் காட்டி என்னிடம் கேட்டவர்கள் ஐந்து பேர். கல்லடியில் என் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கிற அக்கா, சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த கறுப்புப் பென்டனை மேசையில் வைத்தார். "தம்பி, நீங்க அயன் படிச்ச ஆள்தானே. இது நல்ல குவாண்டம் அயனா எண்டு பார்த்துச் சொல்லுங்க." விலை 12,000 ரூபா. மூட்டு நோவுக்காம். சீட்டுக் காசு.

நான் அயன், அதாவது மின்னேற்றமுள்ள அணு, பற்றிப் படித்தவன்தான். ஏ.எல். பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்க வருமுன், வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் சில வருடம் கல்சியம் அயன்களைக் கட்டி மேய்த்தேன். விற்கிறவர் கொடுத்த துண்டுப்பிரசுரத்தில் அச்சாகியிருப்பது, மின்புலத்தால் அயனை அந்தரத்தில் பிடித்து வைக்கும் அசல் அயன் பொறியின் படம். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பொறிக்காக ஜெர்மன் பௌதிகவியலாளர் வோல்ஃப்காங் பவுலுக்கு 1989இல் நோபல் பரிசு கிடைத்தது. அதில் அடைபட்ட அயன்களைக் கொண்டு கணினிபோலக் கணக்குப் போடலாம் என்று பௌதிகவியலாளர்கள் சிராக், சொல்லர் இருவரும் 1995இல் எழுதினார்கள். அதே வருடம் அமெரிக்காவில் வைன்லாண்டின் குழு அந்தக் கணக்கின் அடிப்படைப் படி ஒன்றை ஒற்றைப் பெரிலியம் அயனில் செய்து காட்டியது. லேசரால் அயனைக் குளிராக்கி, அதன் இரண்டு சக்தி நிலைகளை 0, 1 என்று வைத்துக்கொள்வார்கள். குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான கியூபிட் அவ்வளவுதான்.

ஆனால் "அயன்" என்ற சொல்லில் எந்த மந்திரமும் இல்லை. ஒரு சிட்டிகை உப்பைத் தண்ணீரில் போடுங்கள், கோடி கோடியாக அயன். மட்டக்களப்பு வாவி முழுக்க அயன். நம் வியர்வையிலும் அயன். இலத்திரன் கூடியோ குறைந்தோ நிற்கிற அணு, வேறொன்றுமில்லை. அது கியூபிட்டாக வேலை செய்ய வேண்டுமானால் மற்ற எதுவும் அதில் முட்டக்கூடாது. பொறியை வைக்கும் கூட்டுக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக் காற்றழுத்தத்தில் கோடியில் ஒரு பங்கு, அந்தப் பங்கிலும் கோடியில் ஒரு பங்கு. அதற்காக உருக்குக் கூட்டை நாட்கணக்கில் சூடாக்கி வாட்டுவோம். உள்ளே ஒரு கைரேகை பட்டாலே வேலை கெட்டது. அத்தனை பாடுபட்டும் நாங்கள் பயன்படுத்திய கல்சியத்தில் அந்த இரண்டு சக்தி நிலைகளில் மேலே உள்ளது ஒரு செக்கன் அளவுதான் தாங்கும். வேர்த்த கழுத்தில் தொங்குகிற பென்டனுக்குள் எந்தக் குவாண்டம் நிற்கும், சொல்லுங்கள்.

"இல்லை தம்பி, வித்த ஆள் என்ர கையை அமத்திக் காட்டினவர். பென்டன் போட்ட பிறகு நான் சரியவே இல்லை" என்றார் அக்கா. குசினியிலிருந்து ஒரு சிரட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்து நானும் செய்து காட்டினேன். முதல் தரம் கையை வெளிப்புறமாக இழுத்து அமத்தினால் ஆள் சரிவார். அடுத்த தரம் உடம்புப் பக்கமாக அமத்தினால் ஆடவே மாட்டார். சிரட்டையும் குவாண்டம்தான் போல.

சிரிப்பு இதோடு சரி. "எதிர் அயன்", அதாவது எதிர் மின்னேற்றமுள்ள அயன், தரும் என்று விற்கிற இப்படியான சாமான்கள் சிலவற்றில் தோரியம் கலந்த கனிமத் தூள் இருக்கிறது. நம் புல்மோட்டை மணலிலும் கொஞ்சம் இருக்கிற மொனசைட் அந்த வகைதான். தோரியம் கதிர்வீசும் உலோகம். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அதிகாரசபை இத்தகைய பத்துப் பொருட்களை அணிய வேண்டாம் என்று எச்சரித்தது. அளவு சிறிதுதான், ஆனால் இராப்பகலாக ஆண்டுக்கணக்கில் அணிந்தால் தீங்கு வரலாம். எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது, கருவி வேண்டும்.

அதனால், கழற்றுங்கள். பிள்ளைகளுக்குப் போடவே போடாதீர்கள். தலையணைக்குக் கீழே வைக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று உடைத்தோ அரைத்தோ பார்க்கவேண்டாம், தூள் நெஞ்சுக்குள் போனால் இன்னும் மோசம். தண்ணீரில் ஊறவைத்துக் குடிக்கச் சொல்கிறார்களாம், தயவுசெய்து வேண்டாம். பெட்டியில் போட்டு மூடி, ஆள் புழங்காத இடத்தில் வைத்துவிட்டு, நாட்டின் அணுசக்தி ஒழுங்குபடுத்தும் சபையிடம் கேளுங்கள். மூட்டு நோவுக்கு கிளினிக் இருக்கிறது அக்கா, அங்கே காசும் கேட்கமாட்டார்கள்.

ரசீது கொடுத்தாரா என்று கேட்டேன். இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வளவில் கூட்டம் வைக்கத் திரும்ப வருவாராம். வந்தால் எனக்கும் ஒரு போன் கோல் எடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். சிரட்டையைக் கழுவிக் காயவைத்தாயிற்று.