35.24 வேறு, 35 பாகை 24 நிமிடம் வேறு

மறுபடியும் அதே தவறு. இந்த முறை ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது.

மலையில் வழி தவறியவர்களையும், கடலில் எஞ்சின் நின்றுபோன படகுகளையும் தேடிப் போகும் குழுக்களுக்கு வரைபடம் பார்த்துச் சொல்வது என் வேலை. ஆபத்தில் இருப்பவரிடமிருந்து இரண்டு எண்கள் வரும். ஒன்று அட்சரேகை, இன்னொன்று தீர்க்கரேகை. அவை சரியாக இருந்தால் என் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அன்று முடியவில்லை. மலையேறப் போன நான்கு பேரில் ஒருவர் சறுக்கி விழுந்துவிட்டார். கூட இருந்தவர் தன் கைப்பேசியில் தெரிந்ததை வீட்டிலிருந்த நண்பருக்குப் போனில் வாசித்திருக்கிறார்: "முப்பத்தைந்து, இருபத்து நான்கு, முப்பத்தாறு." நண்பர் அதை 35.2436 என்று எழுதி எங்களுக்கு அனுப்பினார். (உண்மையான எண்கள் வேறு. கணக்கு புரிய இவற்றை வைத்துக்கொள்கிறேன்.) குழு அந்த இடத்துக்குப் போய் விசில் ஊதியது, விளக்கடித்தது. யாருமில்லை. அவர்கள் அங்கிருந்து 18 கிலோமீட்டர் வடக்கே இருந்தார்கள்.

நண்பரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பதற்றத்தில் இருக்கும் ஒருவர் காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதினார். ஆனால் இதே தவறை எத்தனை முறை பார்த்துவிட்டேன்! அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம். 35° 24′ 36″, அதாவது 35 பாகை (டிகிரி) 24 நிமிடம் 36 விநாடி என்று எழுதலாம். 35° 24.6′ என்று எழுதலாம். கப்பலிலும் படகிலும் பெரும்பாலும் இப்படித்தான். 35.41° என்றும் எழுதலாம். மூன்றும் ஒரே இடம். ஒரு பாகைக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி. நூறு அல்ல, அறுபது. 24 நிமிடம் 36 விநாடி என்றால் 24.6 நிமிடம். அதை 60ஆல் வகுத்தால் 0.41. அவ்வளவுதான் கணக்கு. பாகைக்குரிய சின்னத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு புள்ளி வைத்தால் அது தசம எண் ஆகிவிடாது.

கடிகாரத்தில் இந்தக் குழப்பம் நமக்கு வருவதே இல்லை. 5.30 மணி என்று புள்ளி வைத்துத்தான் எழுதுகிறோம். ஆனாலும் படிக்கும்போது ஐந்தரை என்றே படிக்கிறோம். அரை மணி என்றால் 30 நிமிடம் என்பது பழகிப்போயிருக்கிறது. அட்சரேகையிலும் அதே 30தான் அரை. 35 பாகை 30 நிமிடம் என்றால் முப்பத்தைந்தரை, அதாவது 35.5. ஆனால் கைப்பேசியில் 35.30 என்று தட்டினால் அதற்கு அது ஐந்தரை மணி போலத் தெரியாது. 35.3 என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே 22 கிலோமீட்டர்.

பழைய வானியல் கணக்கில் இவற்றைப் பாகை, கலை, விகலை என்பார்கள். அந்தப் பெயர்களே புழக்கத்தில் நின்றிருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. நிமிடம், விநாடி என்று சொன்னதும், "நேரம் ஏன் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டவர்கள் உண்டு.

இந்தத் தவறுக்கு ஓர் அடையாளம் இருக்கிறது. நிமிடத்தை இரண்டு இலக்கமாக (5 என்றால் 05 என்று) அப்படியே தசமமாக எழுதினால் எண் உள்ளதைவிடக் குறையுமே தவிர கூடாது. அதனால் வடக்கு அரைக்கோளத்தில் தேடுபவர்கள் எப்போதும் தெற்கே தள்ளிப் போவார்கள். தெற்கு அரைக்கோளத்தில் வடக்கே. பிழை 44 கிலோமீட்டர் வரை போகும். புள்ளிக்குப் பின்னால் முதல் இரண்டு இலக்கம் 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நிச்சயம் தசம எண்தான், நிம்மதி. 59க்குள் இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். "சுற்றிலும் என்ன தெரிகிறது?" என்று உடனே கேட்பேன். அன்று அந்தக் கேள்விதான் உதவியது. "கீழே இரண்டு ஓடைகள் சேருகின்றன" என்றார்கள். எங்களுக்கு வந்த இடத்தில் ஓடையே கிடையாது. எண்களைப் பாகை, நிமிடம், விநாடியாகப் பிரித்துப் போட்டேன். குறி இரண்டு ஓடைகளின் சந்திப்புக்கு மேலே போய் நின்றது.

படித்தவர்களுக்கு, பயிற்சி பெற்றவர்களுக்கு இது நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2015 மார்ச்சில் சிட்னியிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பிய ஒரு பயணிகள் விமானத்தில், 151 பாகை 9.8 நிமிடம் கிழக்கு என்று பதிய வேண்டிய தீர்க்கரேகை 15 பாகை 19.8 நிமிடம் என்று பதிவாகிவிட்டது. 15109.8க்குப் பதில் 01519.8. பிழை 11,000 கிலோமீட்டருக்கு மேல். வழிகாட்டும் கருவிகள் குழம்பின. வானிலையால் சிட்னிக்கும் திரும்ப முடியாமல் விமானம் மெல்பர்னில் போய் இறங்கியது. தவறைக் கண்டுபிடிக்கப் பல வாய்ப்புகள் இருந்தும் தவறிப்போயின என்றது ஆஸ்திரேலிய விசாரணை அறிக்கை. விமானிகளுக்கே இப்படி என்றால், இருட்டில், குளிரில் நிற்பவருக்கு?

கைப்பேசிகளும் இதற்குக் காரணம். ஐபோனின் திசைகாட்டி ஆப் பாகை, நிமிடம், விநாடியில் காட்டும். அதே போனில் கூகுள் மேப்ஸில் ஓரிடத்தை அழுத்திப் பிடித்தால் தசமத்தில் வரும். ஒன்றில் பார்த்து இன்னொன்றில் தட்டுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

செயற்கைக்கோள் எப்படி இடத்தைச் சொல்கிறது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: அதற்கு இன்டர்நெட் தேவையில்லை. "டேட்டா இல்லை, அதனால் லொக்கேஷன் பார்க்கவில்லை" என்று யாராவது சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. டேட்டா இல்லாவிட்டால் இடம் கிடைக்கச் சில நிமிடங்கள் கூடுதலாக ஆகலாம், வரைபடம் வெறுமையாகத் தெரியலாம். எண்கள் வரும். வானம் தெரியும் இடத்தில் நின்று காத்திருங்கள். வரைபடத்தில் உங்கள் புள்ளியைச் சுற்றிப் பெரிய வட்டம் தெரிந்தால் போன் இன்னும் தோராயமாகத்தான் சொல்கிறது என்று பொருள். வட்டம் சுருங்கும்வரை பொறுங்கள். இரண்டும் 0 என்று வந்தால் அது உங்கள் இடமே அல்ல, இடம் இன்னும் கிடைக்கவில்லை. அந்த 0, 0 ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில், நடுக்கடலில் இருக்கிறது.

தசமத்தில் அனுப்பும்போது புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் போதும். ஐந்தாவது இலக்கம் ஒரு மீட்டர் அளவுக்குச் சொல்லும். இரண்டு இலக்கத்தோடு வெட்டிவிடாதீர்கள். அது ஒரு கிலோமீட்டர் சந்தேகத்தை எங்கள் தலையில் வைக்கும். பத்து இலக்கம் காட்டினாலும் போன் அவ்வளவு துல்லியம் என்று அர்த்தமில்லை. திறந்த வெளியிலேயே சில மீட்டர் முன்பின் இருக்கும். (பழைய காகித வரைபடத்திலிருந்து எண் எடுப்பவர்களுக்கு: அது வேறு அடிப்படை அளவையில் (பூமியின் வடிவத்தைக் கணக்கிடும் வேறு முறையில்) வரைந்ததாக இருக்கலாம், நூறு மீட்டர்களுக்கு மேல்கூட விலகலாம். கிரீன்விச்சில் 0 பாகை தீர்க்கரேகை என்று தரையில் பதித்த கோட்டின் மேல் நின்றால்கூட ஜி.பி.எஸ். 0 காட்டாது. 102 மீட்டர் கிழக்கே போக வேண்டும்.)

சரி, என்ன செய்வது? எண்களைக் காப்பி செய்து எழுத்தாக அனுப்புங்கள். படமாக மட்டும் அனுப்பாதீர்கள், அதைப் பார்த்து யாரோ மறுபடி தட்ட வேண்டியிருக்கும். அட்சரேகை முதலில், தீர்க்கரேகை அடுத்து. சில மென்பொருள்கள் இதைத் தலைகீழாகக் கேட்கும், ஆகவே எது எது என்று எழுதிவிடுங்கள். வடக்கா தெற்கா, கிழக்கா மேற்கா என்பதையும் எழுதுங்கள். கழித்தல் குறி இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். ஒரு சிறு கோடு விட்டுப்போனால் பூமியின் அடுத்த பாதியில் தேடுவோம். வரைபடத்தை விரலால் நகர்த்திவிட்டு நடுவில் தெரிவதை அனுப்பாதீர்கள், அது நீங்கள் நிற்கும் இடம் அல்ல.

பேசித்தான் சொல்ல முடியும் என்றால் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள். "புள்ளி" என்றால் புள்ளி, "பாகை" என்றால் பாகை, "நிமிடம்" என்றால் நிமிடம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்பவரைத் திருப்பி வாசிக்கச் சொல்லுங்கள். கூடவே கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளம்: ஓடை, கோபுரம், வளைவு, எதுவானாலும். தயவுசெய்து இன்று வீட்டில் இருக்கும்போதே உங்கள் போனில் எண்கள் எங்கே வருகின்றன, எந்த வடிவத்தில் வருகின்றன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் காட்டிக்கொடுங்கள்.

அப்புறம், அனுப்பிய நேரத்தையும் எழுதுங்கள். அனுப்பிய பிறகு அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். நகர்ந்தே ஆக வேண்டும் என்றால் புது எண்களை அனுப்பி, "பழையது வேண்டாம்" என்றும் சேர்த்து எழுதிவிடுங்கள். குழு பழைய இடத்துக்கு ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருக்கும்.